மிச்சம் வைக்காத சுத்தம்

அந்த வீட்டில் மாதவிடாய் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மாமியார் அதற்கு ஒரு கண்ஜாடை வைத்திருந்தார். அந்த ஜாடையைப் பார்த்ததும் மாமனார் செய்தித்தாளைச் சற்று உயர்த்திக்கொள்வார். அந்த விஷயத்துக்கு அங்கே கிடைத்த இடம் அவ்வளவுதான். அதே சாப்பாட்டு மேசையில் இப்போது மாமனார் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "எண்டோமெட்ரியம் இன்னிக்கு எவ்வளவு?" என்று கேட்கிறார். மருமகள் வாயைத் திறப்பதற்குள் கணவன் பதில் சொல்லிவிடுகிறான்.

"ஆறு புள்ளி ஒண்ணுப்பா."

"போன தடவையும் அதானே?"

"போன தடவை வெறும் ஆறு."

"அப்ப ஏறுதுன்னு சொல்லு," என்றார் மாமனார், திருப்தியாக.

அவர் நீர்த்தேக்கத்தின் மட்டத்தைத் தினமும் குறித்து மேலிடத்துக்கு அனுப்பும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு குறித்து அனுப்ப ஒன்றும் இல்லாமல் கொஞ்ச காலம் திண்டாடினார். பிறகு மருமகளின் கருப்பை கிடைத்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கட்டம் போட்ட தாளை ஒட்டி, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைத்து வந்தார். எட்டு மில்லிமீட்டர் உயரத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து, "சர்க்கரையா சார்?" என்று விசாரிப்பார்கள். "இல்ல, மருமகளோடது," என்பார் பெருமையோடு. மேற்கொண்டு கேட்கும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை.

விஷயம் இதுதான். கரு வந்து தங்குவதற்காகக் கருப்பை மாதாமாதம் தன் உள்சுவரில் எண்டோமெட்ரியம் என்ற ஒரு படலத்தை வளர்த்து வைக்கிறது. யாரும் வராவிட்டால் அதைக் களைந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறது. மருமகளின் படலம் வளரும்போதே சோர்ந்து நின்றுவிடுகிறது. சோதனைக்குழாய் முறையில் மூன்று கருக்கள் உருவானதில் இரண்டை வைத்துப் பார்த்தாகிவிட்டது, இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது, மருத்துவமனையில் உறைநிலையில் காத்திருக்கிறது. அதற்கு மேல் இல்லை. இன்னொரு முறை முட்டை எடுப்பதில் பலன் இருக்காது என்று, இப்போது சிகிச்சை பார்க்கும் புது டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். "படலம் எட்டுக்கு வரட்டும், அப்புறம் கருவை வைக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி உள்ள கேமரா விட்டு ஒரு தடவை பாத்துடலாமே. ஏன் வளர மாட்டேங்குதுன்னு தெரியணும்ல?"

கணவன் உடனே, "வீட்ல பேசிட்டு சொல்றோம் டாக்டர்," என்றான். அவன் எல்லாக் கட்சிக்கும் நல்லவனாக இருப்பதை முழுநேரத் தொழிலாகவும், காப்பீட்டு அலுவலக வேலையைப் பகுதிநேரமாகவும் பார்ப்பவன். 'வீட்டில் பேசுவது' என்றால் டாக்டரத்தையிடம் பேசுவது என்று பொருள்.

டாக்டரத்தை மாமனாரின் தங்கை. சொந்தமாகப் பிரசவ மருத்துவமனை வைத்திருப்பவர். குடும்பத்தில் எல்லோரும், அவருடைய அண்ணன்கூட, அவரை அப்படித்தான் அழைப்பார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மருமகள் இயற்கையாகவே கருவுற்று, மூன்றாம் மாதம் குழந்தையின் துடிப்பு நின்றபோது, கருப்பையைச் சுத்தம் செய்தவர் அவர்தான். வெளியே எங்கும் போக வேண்டியதில்லை என்று குடும்பமே நிம்மதிப்பட்டது.

அதற்குப் பிறகு மருமகளுக்கு மாதவிடாய் வருவதே தெரியாத அளவுக்குக் குறைந்துபோனது. டாக்டரத்தையிடம் கேட்டதற்கு அவர் சிரித்தார். "கொஞ்சமா வந்தா நல்லதுதானடி. எத்தனை பேர் இதுக்கு ஏங்கறாங்க தெரியுமா?"

கேமரா யோசனையைக் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை. "உள்ள என்ன இருக்கும்னு நினைக்கிறாங்களாம்? நான் பண்ணின கேஸ். கண்ணாடி மாதிரி சுத்தமா வெச்சு அனுப்பினேன்," என்றார். கேமரா அத்தோடு கைவிடப்பட்டது. படலத்தை வளர்க்கும் பொறுப்பைக் குடும்பம் கையில் எடுத்துக்கொண்டது.

சுத்தம் அந்தக் குடும்பத்தின் சொத்து. சோப்பைக் கழுவ இன்னொரு சோப்பு வைத்திருக்கும் வீடு அது. மாமனாரும் தங்கையும் பிறந்து வளர்ந்த பழக்கம். வந்து சேர்ந்த மாமியார் அவர்களையே தோற்கடித்துவிட்டார். மருமகள் கல்யாணமான புதிதில் ஆசையாக ஒரு நான்ஸ்டிக் வாணலி வாங்கி வந்தாள். மாமியார் அதைக் கம்பி நார் போட்டுத் தேய்த்தார். அடியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருப்பதாக அவருக்குத் தோன்றியது. ஒரே வாரத்தில் கறுப்பு முழுவதும் போய் வாணலி வெள்ளி மாதிரி மின்னியது. "இப்பதான் பாத்திரம் மாதிரி இருக்கு," என்றார். அன்றிலிருந்து அதில் எதைப் போட்டாலும் ஒட்டிக்கொண்டது. ஒட்டியதை எடுக்க மேலும் தேய்த்தார். வாணலி சுத்தத்துக்குச் சுத்தம் மெலிந்துகொண்டே போனது.

படல வளர்ச்சித் திட்டத்தில் மாமியாருக்கு மாதுளைச் சாறு இலாகா. காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர். குடித்து முடிக்கும்வரை எதிரில் நிற்பார். மாத்திரை இலாகா மாமனாருக்கு. புது டாக்டர் எழுதிய மாத்திரைகளில் ஒன்று, ரத்த ஓட்டத்தைக் கூட்டுவதற்காகக் கொடுப்பது. அதன் பெயரைப் படித்ததும் மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாமனாரை மேலும் கீழும் பார்த்திருக்கிறார்.

"யாருக்கு சார்?"

"மருமகளுக்கு."

"மருமகளுக்கா?"

"ஆமா. எங்க வீட்ல எல்லாரும் அதுக்காகத்தான் பாடுபடறோம்."

கடைக்காரர் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள்தான் பேசினார்கள். அந்த மாத்திரை ஆண்களிடையே எதற்குப் புகழ்பெற்றது என்பதை மகன் விளக்கியபோது மாமனார் இரண்டு நாள் நடைப்பயிற்சிக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் வேறு தெரு வழியாகப் போனார்.

மருமகள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை பார்க்கிறாள். கடையின் பின்பக்கம் குறுகலான இருட்டறை. ஒரு முனையில் நாற்காலி, மறுமுனையில் எழுத்துப் பலகை. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களே அதிகம். ஒருநாள் ஒரு லாரிக்காரர் வந்து உட்கார்ந்தார். அவள் அவருடைய இடது கண்ணை மூடிவிட்டு விளக்கை நோக்கி நடந்தாள். அவள் போய்ச் சேர்வதற்குள் லாரிக்காரர் மேல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரு பிழையில்லாமல் ஒப்பித்து முடித்தார்.

"அண்ணே, நான் இன்னும் லைட்டே போடலையே."

லாரிக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "பழக்கம்மா. எல்லாக் கடையிலயும் இதே போர்டுதான் வெச்சிருக்காங்க."

"ரோட்டுல வர்றவன் இதே வரிசையில வருவானா?"

"அதுக்குத்தான் கிளீனர் இருக்கானே," என்றார்.

அவருக்கு வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. அவள் சான்றிதழ் தரவில்லை. "பாஸ் மார்க் வாங்கியும் ஃபெயில் பண்ற ஆள இப்பதான் பாக்கறேன்," என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அந்த வாரம் ஸ்கேனை டாக்டரத்தையே எடுத்தார். "வெளியில எதுக்குக் கொட்டி அழறீங்க? என்கிட்ட மெஷின் சும்மாதானே கிடக்கு?" திரையைப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. எட்டு புள்ளி இரண்டு.

குடும்பத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் அன்று விடியவிடியக் கைதட்டல். மருமகள் பார்த்தே இராத உறவினர்கள் எல்லாம் அவளுடைய படலத்தை வாழ்த்தினார்கள். வெளிநாட்டில் இருக்கும் மாமனாரின் ஒன்றுவிட்ட தம்பி, "வரலாறு காணாத உயர்வு" என்று எழுதினார். மாமனார் சிவப்புக் கோட்டுக்கு மேலே புள்ளி வைத்து, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டார். மாமியார் சாற்றில் சர்க்கரை சேர்த்தார். அதுவரை சேர்த்ததில்லை.

மறுநாள் கருவை உறைநிலையிலிருந்து எடுப்பதற்கு நாள் குறிக்கப் போனார்கள். புது டாக்டர், வழக்கப்படி, தானும் ஒருமுறை ஸ்கேன் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். திரையைத் தன் பக்கமிருந்து மருமகள் பக்கம் திருப்பினார்.

"இந்தக் கறுப்பு தெரியுதா?"

"தெரியுது."

"இது படலம் இல்ல. தண்ணி. உள்ள எங்கேயோ அடைச்சுக்கிட்டு நீர் தேங்கியிருக்கு. அதையும் சேர்த்து அளந்திருக்காங்க. அதைக் கழிச்சா உங்களுக்கு ஆறுகூட இல்ல."

கணவன் நாற்காலியின் விளிம்புக்கு வந்தான். "ஆனா நம்பர் வந்திருக்கே டாக்டர்."

"நம்பர் வந்திருக்கு. படலம் வரல."

"அந்தத் தண்ணிய எடுத்துட்டு கருவ வெச்சுட முடியாதா?"

"வைக்கலாம். வெச்சா தங்காதுன்னு நான் நினைக்கிறேன். ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. அடைப்பு என்னன்னு பாக்காம அத வைக்கறது உங்க இஷ்டம்." அவர் கையுறையைக் கழற்றினார். "வெளியில உக்காந்து பேசிட்டு வாங்க."

வெளியே நடைபாதையில் வரிசையாக நாற்காலிகள். கணவன் டாக்டரத்தையைக் கைபேசியில் அழைத்து, ஒலியைக் குறைக்கத் தெரியாமல், எல்லோரும் கேட்கப் பேசவைத்தான்.

"தண்ணியா?" என்றது கைபேசி. "இருந்தா இருக்கட்டும், உறிஞ்சி எடுத்துட்டு வெக்கச் சொல்லு. இவ்வளவு தூரம் வந்துட்டு விடறதா? கேமரா, அது இதுன்னு ஆரம்பிச்சா இன்னும் ஆறு மாசம் இழுப்பாங்க. நான் சொல்றேன், வெச்சுடுங்க."

அழைப்பைத் துண்டித்துவிட்டு அவன் மனைவியைப் பார்த்தான். "என்ன சொல்ற?"

"கேமரா வெச்சுப் பாக்கலாம்."

"கொஞ்சம் யோசிச்சுப் பாரு. இப்ப கேமரா வெச்சா, அத்தை பண்ணினதுல ஏதோ தப்புன்னு நாமளே சொல்ற மாதிரி ஆகும். அத்தை மனசு கஷ்டப்படும்ல?"

"அத்தை மனசு எத்தனை மில்லிமீட்டர்?"

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் சிரிப்பை அடக்கப் பையில் எதையோ தேடினாள்.

"விளையாடாத."

"நான் விளையாடல. போன ரெண்டையும் யார் மனசும் கஷ்டப்படாமதான் வெச்சோம். ரெண்டும் போச்சு. இது ஒண்ணு இருக்கு. இது எனக்கு நம்பர் இல்ல. லைட்டைப் போட்டுப் பாக்காம நான் இத வெக்க மாட்டேன்."

"வீட்ல என்ன சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் சொல்லிக்கறேன்."

அவன் அதற்கும் நல்லவனாகவே தலையாட்டினான்.

வீட்டில் செய்தியைக் கேட்ட மாமனார் குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றார். கடைசிப் புள்ளியையும் அதைச் சுற்றிய வட்டத்தையும் பார்த்தார். "வேலையில இருந்த காலம் பூரா தண்ணியத்தான் அளந்தேன்," என்றார். "தண்ணின்னு எனக்கே தெரியாம போச்சே." பிறகு தாளைக் கழற்றி நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த வீட்டில் தோல்வியை ஒருவர் வாய்விட்டு ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை.

கேமரா விடும் அன்று டாக்டரத்தை வந்து இறங்கினார். வெள்ளைக் கோட்டைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார். "நானும் உள்ள வர்றேன். நம்ம பொண்ணு, நம்ம ஆள் ஒருத்தர் கூட இருக்கணும்," என்றார். புது டாக்டர் ஒரு கணம் யோசித்துவிட்டு, முடிவை மேசையில் படுத்திருந்தவளிடம் விட்டார்.

"வரட்டும் டாக்டர்," என்றாள் மருமகள். "அவங்களும் பாக்கட்டும். எனக்குப் பாக்கற வரைக்கும் மயக்கம் வேண்டாம். வெட்டற வேலை இருந்தா அப்ப குடுங்க."

திரையில் முதலில் ஒன்றும் புரியவில்லை. நீர் பாய்ந்து தெளிந்ததும் இளஞ்சிவப்பாய் ஒரு சிறிய அறை திறந்தது. தன் உடம்புக்குள் இப்படியொரு அறை இருப்பதை அவள் அன்றுதான் பார்க்கிறாள். ஊரே அதன் அளவை மனப்பாடம் செய்து வைத்திருந்தது. அறையின் குறுக்கே, சுவரிலிருந்து சுவருக்கு, வெண்மையான நார்கள் ஓடின. சில இடங்களில் சுவரே வெளுத்து, தழும்புபோல் மினுமினுத்தது. ஒரு மூலை சுவரோடு சுவர் ஒட்டி மூடியே போயிருந்தது. அதற்குப் பின்னால்தான் அந்த வரலாறு காணாத உயர்வு தேங்கிக் கிடந்தது.

"தழும்பு," என்றார் புது டாக்டர். "படலத்துக்கு அடியில ஒரு அடுக்கு இருக்கும். மாசாமாசம் படலம் அதுல இருந்துதான் திரும்ப முளைக்கும். அந்த அடுக்குல காயம் பட்டுட்டா இப்படி ஒட்டிக்கும். சில சமயம் ஆகிடறதுதான்."

மருத்துவத்தில் கெட்ட காரியங்களை யாரும் செய்வதில்லை. அவை தாமாக ஆகிவிடுகின்றன. டாக்டரத்தை, தான் கண்ணாடி மாதிரி சுத்தமாக வைத்து அனுப்பிய அறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நெருங்கி வந்து, "அந்த மூலையில மெதுவா போங்க," என்று மட்டும் சொன்னார். மயக்க மருந்து ஏறும்போது மருமகளின் காதில் கடைசியாக விழுந்த சொற்கள் அவை.

கண் விழித்தபோது கட்டிலருகே டாக்டரத்தைதான் உட்கார்ந்திருந்தார். கோட்டைக் காணவில்லை.

"நாரெல்லாம் வெட்டி எடுத்தாச்சு. மூலை திறந்துடுச்சு. மறுபடி ஒட்டாம இருக்க உள்ள ஒரு சின்ன பலூன் வெச்சிருக்கு. கொஞ்ச நாள்ல எடுத்துடுவாங்க," என்றார். அறிக்கை முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

"அன்னிக்கு உன் மாமியார் ரூம் வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தா. 'ஒண்ணும் மிச்சம் வெக்காம சுத்தம் பண்ணிடுங்க, அடுத்தது சீக்கிரம் வரணும்'னு. எனக்கும் உள்ள ஏதோ மிச்சம் இருக்கிற மாதிரியே ஒரு சந்தேகம். இன்னொரு தடவை சுரண்டினேன்."

"இவ்வளவு வருஷமா யார் பேச்சையும் கேக்காத நீங்க, கேட்டது எங்க மாமியார் பேச்சையா?"

டாக்டரத்தைக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. போர்வையின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார்.

"அவ சொன்னா. சுரண்டினது நான்தான்," என்றார்.

மருமகள் அவரை மன்னிக்கவில்லை; திட்டவும் இல்லை. "தண்ணி வேணும்," என்றாள். டாக்டரத்தை எழுந்து போய் எடுத்துவந்தார். டம்ளரைக் கழுவாமலே ஊற்றினார்.

சில மாதங்கள் போயின. மாதவிடாய் பழையபடி வந்தது. அதற்காக அவள் மகிழ்ந்தாள் என்றால் எந்தப் பெண்ணும் நம்பமாட்டாள். படலமும் வளர்ந்தது, ஆனால் குடும்பத்தின் கனவு உயரத்துக்கு அல்ல. புது டாக்டரின் திரையில் அது ஏழைத் தொட்டு நின்றது.

"எட்டு இல்லையே டாக்டர்," என்றான் கணவன்.

"எட்டு இல்ல. ஆனா இது படலம்," என்றார் டாக்டர். "எட்டு வரட்டும்னு நான் சொன்னது ஏன் வளரலன்னு தெரியாம இருந்தப்ப. இப்ப உள்ள பாத்தாச்சு. நல்லா அடுக்கு அடுக்கா வந்திருக்கு. இதுக்கு மேல காத்திருந்து பெருசா ஒண்ணும் மாறாது. கண்டிப்பா தங்கும்னு நான் சொல்ல மாட்டேன். தங்கறதுக்கு ஒரு இடம் இருக்கு, அவ்வளவுதான்."

"வைங்க," என்றாள் மருமகள்.

கருவை வைத்த அன்று வாட்ஸ்ஆப் குழுவில் மாமனாரின் ஒன்றுவிட்ட தம்பி, "இன்றைய அளவு என்ன?" என்று கேட்டிருந்தார். அவருக்கு யாரும் நடந்தது எதையும் சொல்லியிருக்கவில்லை. டாக்டரத்தை அதற்குக் கீழே, "யாரும் நம்பர் கேட்காதீங்க," என்று எழுதினார். ஒரே ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. அது மாமனாருடையது.

கரு தங்கியதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கு முந்தின மாலை மருமகள் கடையிலிருந்து திரும்பியபோது, மாமியார் அடுக்களை மேடையில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு நின்றார். புது நான்ஸ்டிக் வாணலி. தானே போய் வாங்கி வந்திருக்கிறார். பழையதை எங்கே போட்டார் என்று அவள் கேட்கவில்லை. டாக்டரத்தை மாமியாரிடம் என்ன பேசினார், எப்போது பேசினார் என்பதும் அவளுக்குத் தெரியாது. கம்பி நார் வைக்கும் கிண்ணம் காலியாக இருந்தது.

"இத எப்படிக் கழுவணும்?" என்று கேட்டார் மாமியார். கழுவுவதைப் பற்றி அவர் இன்னொருவரிடம் கேட்பது அந்த வீட்டில் அதுவரை நடந்ததே இல்லை.

"தண்ணி விட்டு, துணியால மெதுவாத் துடைச்சா போதும் அத்தை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மாமியாருக்கு நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் அப்படியே துடைத்து, அடுப்பில் வைத்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றினார். வெந்ததும் வாணலியைச் சாய்த்தார். முட்டை வழுக்கிக்கொண்டு முழுசாகத் தட்டில் வந்து விழுந்தது. மாமியார் வாணலியை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். முகத்தில் கவலை ஏறியது.

"ஒண்ணுமே ஒட்டலையேடி."

மருமகள் தட்டை வாங்கிக்கொண்டு மேசைக்கு நடந்தாள். மற்றொரு கை அவளுக்குத் தெரியாமலே அடிவயிற்றின் மேல் போயிருந்தது.

"அதுல ஒட்டக் கூடாது அத்தை," என்றாள்.